டைகர் வுட்ஸின் பையில் இருந்தவை: கோல்ஃப் மட்டை எப்படி வேலை செய்கிறது?

டைகர் வுட்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி கிளம்பிவிடும். அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தாலும் ஜெயிப்பார், மட்டையில் என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. எல்லாம் கம்பெனிக்காரன் தனியாகச் செய்துகொடுக்கும் மட்டை, அது நம்மிடம் இருந்தால் நாமும் அடிப்போம் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்பது புரிய, ஒரு கிளப் பந்தை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அது தெரிந்துவிட்டால், 1996இல் தொழில்முறை ஆட்டக்காரராக இறங்கியதிலிருந்து அவர் எந்த மட்டையை எப்போது மாற்றினார், எதை மாற்ற மனசே வராமல் வைத்திருந்தார் என்பதற்கெல்லாம் காரணம் தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

கோல்ஃப் பக்கமே போகாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் அடிப்படை. பந்தை மிகக் குறைந்த அடிகளில் குழிக்குள் போட வேண்டும். ஒரு சுற்றுக்கு 18 குழி. பெரிய போட்டி என்றால் நான்கு நாளில் நான்கு சுற்று. அடிக்கும் மட்டைக்குப் பெயர்தான் கிளப். மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யுஎஸ் ஓப்பன், தி ஓப்பன் என்று ஆண்டுக்கு நான்கு போட்டிகளை மட்டும் மேஜர் என்பார்கள். டைகர் வென்றது 15 மேஜர்.

## பையில் ஏன் இத்தனை மட்டை?

விதிப்படி ஒரு சுற்றுக்கு 14 கிளப்புக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்த வரம்பு அமெரிக்காவில் 1938இல் வந்தது, அதற்கு முன் சிலர் இருபதுக்கும் மேல் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். 2001 தி ஓப்பன் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முன்னணியைப் பகிர்ந்துகொண்டு இறங்கினார். முதல் குழியில் பந்து ஒரே அடியில் உள்ளே போயிருக்கும், அவ்வளவு நெருக்கம். இரண்டாவது குழிக்குப் போய் நிற்கும்போதுதான் பை தூக்கும் கேடி மெதுவாகச் சொல்கிறார், பையில் டிரைவர் என்னும் பெரிய தலை மட்டை இரண்டு இருக்கிறது, மொத்தம் 15 கிளப் என்று. தண்டனை இரண்டு அடி. மனிதர் ஒரு கிளப்பைத் தூக்கி எறிந்தார். கடைசியில் மூன்றாம் இடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார்.

சரி, ஒன்று போதாதா, எதற்கு 14? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திருகி வைத்தாகிவிட்டது, அழுத்தம் மாறப்போவதில்லை. எதிர்ப்பக்கச் செடிக்கும் காலடியில் இருக்கும் செடிக்கும் நீங்கள் செய்வது முனையின் சாய்வை மாற்றுவது மட்டும்தான். கொஞ்சம் தாழ்த்தினால் தண்ணீர் எட்டிப் போகும், நன்றாக நிமிர்த்தினால் உயரமாகப் போய் பக்கத்திலேயே விழும். கோல்ஃப் ஆட்டக்காரரின் ஸ்விங், அதாவது மட்டையைச் சுழற்றும் அசைவு, கிட்டத்தட்ட அந்த அழுத்தம் மாதிரி. அதைக் கூடிய வரை மாற்றாமல் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, தேவையான தூரத்துக்கு ஏற்ற சாய்வுள்ள மட்டையைப் பையிலிருந்து உருவுகிறார்கள். மெதுவாக அடிப்பது, வேகமாக அடிப்பது என்று கையால் தூரத்தை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். மட்டையில் சாய்வு இரும்பிலேயே வார்த்து வைத்திருக்கிறது, அது பதற்றத்தில் மாறாது.

அந்தச் சாய்வுக்குப் பெயர் லாஃப்ட். கிளப்பின் முகம் செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது அது. ஆரம்ப அடிக்கான பெரிய தலை டிரைவருக்கு 9 அல்லது 10 டிகிரி. இரும்புத் தகடு போன்ற தலை கொண்டவை அயர்ன்கள், எண் ஏற ஏறச் சாய்வும் ஏறும். பழைய பாணி 7 அயர்னில் 35 டிகிரிக்குப் பக்கம். கிரீன் என்னும் வழித்த புல்தரைக்கு அருகிலிருந்து தூக்கிப் போட வெட்ஜ். டைகர் வைத்திருப்பது 56, 60 டிகிரி. கிரீனில் பந்தை உருட்டும் புட்டருக்குக்கூட மூன்று நான்கு டிகிரி உண்டு, ஏனென்றால் நின்ற பந்து புல்லில் துளி அமுங்கியிருக்கும், அதிலிருந்து கிளப்பிவிட்டால்தான் நேராக உருளும்.

சாய்வோடு நீளமும் மாறும். தண்டுக்கு ஷாஃப்ட் என்று பெயர். ஷாஃப்ட் நீளமானால் தலை வேகமாகச் சுற்றும், ஆனால் முகத்தின் நடுவில் பந்தைப் பிடிப்பது கஷ்டமாகும். இன்று கடையில் விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல். உலகமே டைகரின் தூரத்தைப் பார்த்து வாயைப் பிளந்த தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகு சில வருஷங்களும் அவர் வைத்திருந்தது 43.5 அங்குல டிரைவர், அதுவும் எடை கூடிய எஃகு ஷாஃப்ட். மற்றவர்கள் லேசான கிராஃபைட்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. அவரிடம் வேகம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தது. மட்டையிடம் அவர் கேட்டது கட்டுப்பாடு.

இதுவரை பார்த்தது: ஸ்விங் ஒன்று, சாய்வுகள் பல. சாய்வு கூடினால் பந்து உயரும், தூரம் குறையும். நீளம் கூடினால் வேகம் வரும், துல்லியம் போகும்.

## ஹோஸ் பைப் பொருந்தாத இடம்

தண்ணீரை அதிக தூரம் அனுப்ப, முனையைக் கிட்டத்தட்ட 45 டிகிரிக்குத் தூக்க வேண்டும். அப்படியானால் டிரைவர் ஏன் 10 டிகிரியில் நிற்கிறது? பலர் குழம்புவது இங்கேதான், கோல்ஃபின் உண்மையான சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர்த் தாரை சுழலாது. பந்து சுழலும். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி வினாடிதான், அதாவது ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் சாய்ந்த முகம் பந்தை முன்னால் தள்ளுவதோடு, அதன் மேற்பக்கம் பின்னோக்கி வரும்படி உருட்டியும் விடுகிறது. இதுதான் பேக்ஸ்பின். பின்னோக்கிச் சுழலும் பந்து, தன்னைச் சுற்றி ஓடும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும். பந்தின் மேலுள்ள சிறு குழிகள் அலங்காரத்துக்கு இல்லை, காற்று பந்தை ஒட்டி ஓடவும் இழுவை குறையவும் அவைதான் காரணம். அவை இல்லாத வழுவழுப்பான பந்து பாதித் தூரம்தான் போகும்.

ஆக, டிரைவரில் அடித்த பந்து தாழ்வாகக் கிளம்பினாலும் சுழற்சி அதைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடியில் நிமிடத்துக்கு 2,500 முதல் 2,700 சுற்று என்பது பொதுவான அளவு. 7 அயர்னில் 7,000, வெட்ஜில் 9,000க்கும் மேல். சாய்வு கூடும்போது அடியின் சக்தியில் ஒரு பங்கு முன்வேகமாகப் போகாமல் சுழற்சியாக மாறிவிடுகிறது: டிரைவரில் பந்து மட்டையின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கில் பறக்கும், வெட்ஜில் ஒன்றேகால் மடங்குதான். தூரம் குறைய இதுவும் காரணம், விழுந்த இடத்திலேயே பந்து நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம். டிரைவரில் சுழற்சி ரொம்பக் கூடினால் பந்து விர்ரென்று மேலே ஏறி, எதிர்காற்றில் மாட்டி, பாதி வழியில் சொத்தென்று விழும். இதை மனதில் வையுங்கள், 2000ஆம் ஆண்டுக் கதைக்குத் தேவைப்படும்.

புதிதாக ஆடுபவர்களின் பெரிய தவறும் இங்கிருந்துதான் வருகிறது. பந்து மேலே போக வேண்டுமென்று அடியிலிருந்து கோரித் தூக்கப் பார்ப்பார்கள், பந்து தரையோடு ஓடும், இல்லாவிட்டால் மட்டை மண்ணில் குத்தி நிற்கும். உயர்த்தும் வேலை லாஃப்டுடையது. தொழில்முறை ஆட்டக்காரர் அயர்னைக் கீழ்நோக்கி இறக்குகிறார், முதலில் பந்து, அப்புறம்தான் தரை. புல் பெயர்ந்த தடம் பந்து இருந்த இடத்துக்கு முன்னால், இலக்கின் பக்கம் இருப்பதை டிவியில் பார்க்கலாம்.

## பிளேடு: யாருக்கு, ஏன்?

அயர்ன் தலைகளில் இரண்டு ஜாதி. பின்பக்கம் தட்டையாக, எடை நடுவில் திரண்டிருந்தால் பிளேடு. பின்னால் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருந்தால் கேவிட்டி பேக். ஓரத்தில் எடை இருந்தால், பந்து நடுவில் படாதபோதும் தலை அவ்வளவாகத் திரும்பாது, தூரமும் அதிகம் குறையாது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், அறுபதுகளில் பிங் நிறுவனத்தில் இந்த யோசனையைப் பரப்பினார். பல லட்சம் சாதாரண ஆட்டக்காரர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

பிளேடு தவறை மன்னிக்காது, நடுவில் அடிக்காவிட்டால் கையிலேயே தெரியும். பதிலுக்கு அது தருவது, அடித்தது அடித்தபடி வரும் என்ற நிச்சயம். டைகர் தன் தொழில் வாழ்க்கையில் பெரும்பாலும் பிளேடு வகை அயர்ன்களோடுதான் இருந்திருக்கிறார். அவர் ஆடிய அயர்ன்களின் படங்களைப் பார்த்தால், முகத்தின் நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு மட்டும் உலோகம் தேய்ந்து நிறம் மாறியிருக்கும், சுற்றிலும் கோடுகள் புதுசு போல இருக்கும். ஆயிரக்கணக்கான அடிகளும் அந்த ஒரே வட்டத்துக்குள். அப்படித் தேய்க்கத் தெரிந்தவருக்குப் பிளேடு சரி. தலை முழுக்க அடித்தழும்பு விழும் நமக்கு அதே மட்டையைக் கொடுத்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும், இரண்டாவது கட்சியின் வாதம் இங்கே கவிழ்ந்துவிடுகிறது.

## 2000: மட்டை அல்ல, பந்து

முதல் கட்சியின் வாதத்துக்கு வருவோம். டைகர் எதில் அடித்தாலும் ஒன்றுதானா?

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் முன்னணி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஆடியது, நடுக்கருவைச் சுற்றி ரப்பர் நூல் இறுக்கிச் சுற்றிய பந்து. வெட்ஜில் நன்றாகப் பிடித்து நிற்கும், ஆனால் டிரைவரிலும் சுழற்சி அதிகம், காற்றில் அலையும். டைகரும் டைட்லிஸ்ட் என்ற கோல்ஃப் நிறுவனத்தின் அந்த வகைப் பந்துதான். அந்த மே மாதம் அவர் நைக்கி ஆட்களைக் கூப்பிட்டு ஜெர்மனிக்குப் புதுப் பந்தைக் கொண்டுவரச் சொன்னார்: நைக்கி பெயரில் வந்தாலும் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் தயாரித்த, நூல் சுற்றாத திடமான கரு கொண்ட பந்து. அடுத்த மாதம் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் யுஎஸ் ஓப்பன். கடலோர மைதானம், காற்று. ஒரு மைதானத்துக்கு இத்தனை அடி என்று வகுத்திருக்கும் அளவுக்குப் பெயர் பார், அதற்குக் கீழே முடித்தால் நல்லது. நான்கு சுற்றும் முடிந்தபோது பாருக்குக் கீழே இருந்தவர் டைகர் ஒருவர்தான், 12 அடி கீழே. இரண்டாம் இடத்தில் இருந்தவர்கள் 3 அடி மேலே. 15 அடி வித்தியாசம். பந்தினால் மட்டும் வந்த வெற்றி என்று சொன்னால் அது அபத்தம், அந்த ஆண்டு அவர் ஆடிய ஆட்டம் அப்படி. ஆனாலும் காற்றில் கோடு மாறாத பந்து அவர் கையில் இருந்தது, எதிரில் இருந்த பெரும்பாலோரிடம் இல்லை. அதே அக்டோபரில் டைட்லிஸ்ட் திடக்கருவுள்ள புரோ வி1 பந்தைத் தொழில்முறைப் போட்டிகளுக்குக் கொண்டுவந்தது, ரொம்ப சீக்கிரத்தில் நூல் சுற்றிய பந்தே மேல்மட்ட ஆட்டத்திலிருந்து காணாமல் போனது.

இன்னொரு உதாரணம் 2006, இங்கிலாந்தின் ஹோய்லேக், தி ஓப்பன். வெயிலில் புல் கருகி, தரை சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. டிரைவரால் அடித்தால் பந்து எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, மணல்குழிகள் காத்திருக்கின்றன. டைகர் 72 குழிகளில் டிரைவரை எடுத்தது ஒரே ஒரு முறை. மற்ற நேரமெல்லாம் 2 அயர்ன் போன்றவற்றால், குறைந்த சாய்வில் தாழ்வாக அடித்து, பந்தைத் தரையில் உருளவிட்டு, மணல்குழிகளுக்கு முன்னாலேயே நிறுத்தினார். அடுத்த அடிக்குத் தூரம் அதிகம்தான், அதைத் தன் அயர்ன்கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை; இரண்டாம் நாள் 14ஆவது குழியில் 4 அயர்னால் அடித்த பந்து நேராகக் குழிக்குள்ளேயே போனது. பாருக்கு 18 அடி கீழே முடித்து வென்றார். மட்டையைத் தேர்ந்தெடுப்பதே பாதி ஆட்டம் என்று சொல்ல இதைவிட நல்ல வாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

## ஒப்பந்தம் ஒன்று, பை இன்னொன்று

விளம்பரத்தில் தெரியும் பெயரையும் பையில் இருப்பதையும் ஒன்றாக நினைப்பதுதான் மிச்சக் குழப்பம் எல்லாவற்றுக்கும் வேர். 1997 மாஸ்டர்ஸை 21 வயதில் 12 அடி வித்தியாசத்தில் வென்றபோது டைகரின் ஒப்பந்தம் டைட்லிஸ்டோடு. பையில் டிரைவர் கோப்ரா, அயர்ன்கள் மிசுனோ. உடையும் ஷூவும் மட்டும்தான் நைக்கி. 2002இல்தான் டிரைவரும் அயர்ன்களும் நைக்கிக்கு மாறின, அதிலும் 2003இல் பழைய டைட்லிஸ்ட் டிரைவருக்குத் திரும்பிப் போய்வந்தார். 2003, 2004 இரண்டு ஆண்டும் மேஜர் வரவில்லை, உடனே எல்லோரும் நைக்கி மட்டையைக் கைகாட்டினார்கள். ஆனால் அந்தக் காலத்தில்தான் அவர் பயிற்சியாளர் புட்ச் ஹார்மனை விட்டு, 2004இல் ஹேங்க் ஹேனியிடம் சேர்ந்து ஸ்விங்கையே பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். 2005 முதல் 2008 வரை அதே நைக்கி மட்டைகளோடு ஆறு மேஜர் வந்தன. வட அயர்லாந்து ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராய் விஷயத்திலும் இதே தீர்ப்புதான் அவசரமாக எழுதப்பட்டது: 2013இல் நைக்கிக்கு மாறி முதல் போட்டியிலேயே பாதியில் வெளியேறினார், போச்சு என்றார்கள். 2014இல் அதே நிறுவன மட்டைகளோடு தி ஓப்பன், பிஜிஏ இரண்டையும் வென்றார்.

மட்டை மாறினால் ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு கிளப்பிலும் பந்து எத்தனை யார்டு போகும் என்ற கணக்கைத் திரும்பப் படிக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அதனால்தான் டைகர் ஒரேயடியாகப் பையைக் கவிழ்க்காமல் பந்து, டிரைவர், அயர்ன் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்.

புட்டரை மட்டும் அவரிடமிருந்து பிரிக்க முடியவில்லை. டைட்லிஸ்டுக்குச் சொந்தமான ஸ்காட்டி கேமரன் முத்திரையில் வந்த நியூபோர்ட் 2, முகத்தில் சின்னச் சிவப்புப் புள்ளி. 1999 பிஜிஏ முதல் அவர் வென்ற 14 மேஜர்களும் அதனால்தான். அதன் வடிவம், அதே சோல்ஹைம் 1966இல் பிங்கில் செய்த ஆன்சர் புட்டரின் வழி வந்தது. கைப்பிடியோ பிங் நிறுவனத்துடையது, அதன் சின்னத்தைக் கறுப்பால் மறைத்திருப்பார். நைக்கி தொப்பி போட்டவர், டைட்லிஸ்ட் குடும்பத்துப் புட்டர், பிங் கைப்பிடி! 2010 தி ஓப்பனில் நைக்கி புட்டருக்கு மாறிப் பார்த்தார், சில காலம் அதோடு ஆடவும் செய்தார், அதில் மேஜர் எதுவும் வரவில்லை, பழையதற்கே திரும்பினார்.

2016 ஆகஸ்டில் நைக்கி மட்டை, பந்து தயாரிப்பையே நிறுத்தியது. டைகருக்கு அப்போது முதுகு அறுவைகள் ஓடிக்கொண்டிருந்தன. பந்துக்கு பிரிட்ஜ்ஸ்டோன், மட்டைக்கு டெய்லர்மேட் என்று முடிவு செய்து, 2017இல் முதுகெலும்பு இணைப்பு அறுவையும் முடிந்து, 2019 மாஸ்டர்ஸை ஒரு அடி வித்தியாசத்தில் வென்றபோது பையில் டெய்லர்மேட் அவருக்காகச் செய்த பிளேடுகள், பிரிட்ஜ்ஸ்டோன் பந்து, அப்புறம் அதே சிவப்புப் புள்ளிப் புட்டர்.

## கடைக்குப் போகிறவர்களுக்கு

தலைக்கு அடியில் பொறித்த எண்ணை நம்பாதீர்கள், அதற்கு எந்த விதியும் கிடையாது. முன்பு 35 டிகிரியில் இருந்த 7 அயர்னை இன்று 28, 30 டிகிரியில் செய்து, "இந்த 7 அயர்ன் கூடுதல் தூரம் போகிறது" என்று விற்கிறார்கள். போகத்தான் செய்யும், சாய்வில் அது பழைய 5 அயர்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதன் பின்விளைவு பையின் கீழ்ப்பகுதியில் வரும்: அந்தத் தொகுப்பின் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியில் இருக்கும், அடுத்து நீங்கள் வாங்கும் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி காலி. 100 யார்டுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்கு எந்த மட்டையும் சரிப்படாமல், ஒன்றைப் பாதி வேகத்தில் அடித்துப் பார்ப்பீர்கள். அதனால் எந்தத் தொகுப்பை எடுத்தாலும் ஒவ்வொரு கிளப்பின் லாஃப்ட் எத்தனை டிகிரி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நான்கைந்து டிகிரிக்கு ஒன்று என்று படி சீராக இறங்குகிறதா பாருங்கள், இடைவெளி பெரிதாக இருந்தால் 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் சேர்த்து வாங்குங்கள். கேவிட்டி பேக் போதும். ஷாஃப்ட் நீளமும் விறைப்பும் உங்கள் உயரத்துக்கும் வேகத்துக்கும் ஒத்து வருகிறதா என்று சில பந்து அடித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள், ஆரம்பத்தில் 14ம் வேண்டாம், ஏழெட்டு இருந்தாலே நிறைய நாள் ஓட்டலாம்.